பெட்டி வாசிப்பதோ? பிள்ளை வாசிப்பதோ?

இசையை விரும்பாத இல்லம் தமிழ்நாட்டில் இல்லை. இசையைப் பயிலும் இல்லமோ மிகச் சிலவே. கேட்பதற்குரிய சாதனங்கள் பெருகப் பெருக, பாடுவதற்கும் வாசிப்பதற்கும் உரிய ஊக்கம் நம்மிடையே குறைந்து வருகின்றது. இந்நிலையில் டிஜிட்டல் பியானோ என்னும் கருவி நம் வீடுகளுள் நுழையத் தொடங்கியுள்ளது. பிள்ளையின் பிறந்தநாளுக்கென்றும், பரீட்சையில் தேறியதற்கென்றும் பெற்றோர் அதனை ஆவலோடு வாங்குகின்றனர். ஓராண்டு கழிந்தபின் அவ்வீடுகளுக்குச் சென்று பார்ப்போமாயின், பலவற்றில் அக்கருவி படுக்கை விரிப்பொன்றால் போர்த்தப்பட்டுச் சுவரோரம் கிடக்கும்; அதன்மேல் துவைத்து மடித்த துணிகள் அடுக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் கருவி ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும். ஆயினும் பிள்ளை ஒன்றும் கற்றிராது. இவ்விரண்டில் பின்னதே பெருந்தீங்கு என்பது எனது அபிப்பிராயம். அதனை விளக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். யான் சங்கீத வித்துவான் அல்லேன். இக்கல்லூரியின் பழைய மாணவருள் ஒருவன். ஒரு வீட்டில் இக்கருவியை அமைப்பதில் செய்யக்கூடிய பிழைகளையெல்லாம் செய்து, பின்னர்த் திருந்தியவன் என்னும் உரிமை ஒன்றே எனக்கு உண்டு.

எனது ஊர் அச்சங்குளம். அது விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த சிற்றூர். மழையை நம்பிய பூமியாதலின், உழவு கைவிட்ட ஆண்டுகளிலெல்லாம் எம்மவர்க்குச் சோறிட்டது பட்டாசுத் தொழிலே. பெயரிலேயே அச்சத்தை வைத்திருக்கும் எங்கள் ஊர், 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் மெய்யாகவே அச்சத்துள் மூழ்கியது. அன்று ஆங்குள்ள பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்டனர். அதன்பின் நெடுநாள் வரை, காற்றில் ஒரு கதவு அறைந்தாலும் எங்கள் தெருப் பெண்டிர் வாயிலுக்கு ஓடிவந்து வானத்தில் புகை எழுகின்றதா என்று பார்ப்பர். பேரொலியே எங்களுக்குப் பிழைப்பு. அதுவே எங்களுக்குப் பேரச்சமும் ஆகும். அத்தகைய ஊருக்கே, சில ஆண்டுகளுக்குப் பின், பன்னிரண்டு வயதான என் தமக்கையின் மகளுக்கென்று யான் ஒரு டிஜிட்டல் பியானோவை வாங்கிச் சென்றேன்.

சென்ற அன்று மாலை சுற்றத்தாரும் அயலாரும் வீட்டில் நிறைந்திருந்தனர். கருவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, மின்சாரம் கொடுத்து, அதிலிருந்த பொத்தானொன்றை அழுத்தினேன். உடனே முரசும், மத்தளமும், தந்திவாத்தியக் கூட்டமும் ஒன்றாய் எழுந்தன. பிள்ளை ஒரு விரலால் ஒரு கட்டையைத் தொட, அதற்கேற்பப் பக்கவாத்தியம் அனைத்தும் தாமே மாறி மாறி ஒலித்தன. கூடியிருந்தோர் கைதட்டினர். அண்டை வீட்டில் வெடிச்சரம் பின்னிப் பிழைக்கும் முதியவர் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. எனக்கு அத்தை முறையான அவர் சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏய்யா, பொட்டிதான் வாசிக்குது, புள்ள எங்கய்யா வாசிக்குது?" என்றார். எழுத்தறியாத அம்மூதாட்டியின் கேள்வி எனக்கு நாணத்தை விளைத்தது. யான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது யாவும் அக்கேள்வியின் விரிவே.

நிற்க. கருவியை எவ்வாறு பயில்வது என்று ஆராய்வதற்குமுன், அது நம் வீட்டில் இருக்கத் தக்கதுதானா என்று ஐயுறுவோர்க்கு விடை கூறல் வேண்டும். அவர்கள் கூறும் தடைகள் மூன்று: இஃது அந்நிய வாத்தியம் என்பது ஒன்று, இது மெய்யான பியானோ அன்று என்பது மற்றொன்று, நம் இசைக்கு இது பொருந்தாது என்பது பிறிதொன்று.

முதற்றடைக்கு விடை நம் நாவிலேயே உள்ளது. "அவர் எத்தனை கட்டைக்குப் பாடுவார்?" என்று கேளாத தமிழ் இரசிகர் உண்டோ? அந்தக் கட்டை எதன் கட்டை? மேனாட்டிலிருந்து வந்த ஆர்மோனியத்தின் கட்டையே அன்றோ? மேனாட்டார் 'ஸி' என்னும் சுரம் நமக்கு ஒரு கட்டை. 'ஜி' என்பது ஐந்து கட்டை. வெள்ளைக் கட்டைகளுக்கிடையே உள்ள கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனப் பெயரிட்டுள்ளோம். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லாமையால் மூன்றரைக் கட்டை என்பதே நம் வழக்கில் இல்லை. இங்ஙனம் பியானோவின் கட்டை வரிசையை அப்படியே நம் சுருதிக் கணக்காக ஏற்றுக்கொண்டு தலைமுறைகள் பல கழிந்தன. எஸ். ஜி. கிட்டப்பா முதலிய நாடகப் பாடகர்கள் ஐந்து ஆறு கட்டைகளில் பாடிய காலத்தில், மேடையோரத்தில் ஒலித்தது ஆர்மோனியமே.

பிடிலின் வரலாறும் இத்தகையதே. முத்துசாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசாமி தீட்சிதர் அதனை ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குரியதாக்கினார். முத்துசாமி தீட்சிதரும் மேனாட்டு வாத்தியக் கூட்டத்தார் வாசித்த மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியங்கள் அமைத்தார். நோட்டுஸ்வரம் என வழங்கும் அவற்றுள் ஆங்கிலேயரின் தேசிய கீத மெட்டும் ஒன்றாகும். அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலே கல்கத்தாவுக்குச் சென்று கற்று வரப்பட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதனைக் கற்றுத் திரும்பி 1923ஆம் ஆண்டில் சிவகாசியில் தொடங்கினர். இன்று அத்தொழிலை அந்நியத் தொழில் என்று எவரும் சொல்லார். வெளியிலிருந்து வந்தது என்பது ஒரு பொருளுக்குக் குற்றமன்று. வந்தபின் நம் கையால் நாம் அதனைப் பயிலாமல் விடுவதே குற்றம்.

இரண்டாவது தடையை எடுத்துக்கொள்வோம். பியானோ என்பது ஏறக்குறைய 1700ஆம் ஆண்டில் இத்தாலியில் பார்த்தொலொமேயோ கிறிஸ்டோபோரி என்பவர் அமைத்த கருவி. கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டி உடனே விலகும். மெல்ல அழுத்தின் மெல்லொலியும், வலிதாய் அழுத்தின் வல்லொலியும் பிறக்கும். இதுவே அக்கருவியின் உயிர். இக்காலத்துப் பெரும் பியானோவில் 88 கட்டைகளும், இருநூற்றுக்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகளும் உண்டு. சுவரோரம் நிறுத்தும் சிறிய வகையும் இருநூறு கிலோ அளவு எடையுள்ளது. கரிசற்காட்டுக் கோடையில் அதன் மரம் உலர்ந்து சுருங்கும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறி விரியும். கம்பிகள் சுருதி கலையும். சுருதி கூட்டுவோரைச் சென்னையிலிருந்தோ வேறு நகரிலிருந்தோ அழைத்தல் வேண்டும். எங்கள் ஊர்க்குடும்பம் ஒன்று அதனை வைத்துப் பேணுதல் இயலுமோ?

டிஜிட்டல் பியானோவில் கம்பியும் இல்லை. சுருதி கலைதலும் இல்லை. நல்லதொரு பியானோவின் ஒவ்வொரு சுரத்தையும் மென்மையாகவும் வன்மையாகவும் வாசித்துப் பதிவுசெய்து அதனுள் அடக்கியுள்ளனர். கட்டையின் கீழே இரண்டு அல்லது மூன்று உணர்விகள் உள்ளன. கட்டை ஒன்றினைக் கடந்து மற்றொன்றை எவ்வளவு விரைவில் அடைகின்றது என்று அளந்து, அவ்விரைவிற்கேற்ற ஒலியைக் கருவி எழுப்புகின்றது. ஆகவே விரலின் வன்மை மென்மைகளுக்கு அது விடை தரும். உயர்ந்த பியானோவின் நாதத்துக்கு அது முற்றும் நிகராகாது என்பதை ஒப்புகிறேன். ஆயினும் கையைப் பழக்குதற்கு அது போதும். அதற்குமேல், பெரும் பியானோவிடம் இல்லாத சிறப்பொன்றும் அதற்கு உண்டு: காதொலிக் கருவியைப் பொருத்திக்கொண்டால், வாசிப்பவரையன்றிப் பிறர் எவருக்கும் ஒலி கேளாது. ஓரறை ஈரறை வீடுகளில், பகலெல்லாம் ஆலையில் உழைத்தவர் உறங்கும் வேளையில், பேரொலி கேட்டு நெஞ்சு நடுங்கிய மக்கள் வாழும் தெருவில், இதனினும் பெரிய நன்மை யாது? பிள்ளை ஒரே வரியை நாற்பது முறை பிழையோடு வாசித்தாலும் அயலார் முகஞ்சுளிக்க இடமில்லை. பிழை செய்ய அஞ்சாத இடத்திலன்றோ கல்வி வளரும்!

மூன்றாவது தடையே பெரிது. அதனை மழுப்பிக் கூற யான் விரும்பவில்லை. நம் இசையின் உயிர் கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அசைந்து அசைந்தே தன் உருவைக் காட்டுவது. பியானோவின் கட்டையோ ஓரிடத்தில் நிற்பது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலாது. மேலும், அது ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகங்களாக வகுத்து நிற்பது. ஒரு பாகத்தை 100 சென்ட் என்று அளப்பர். தம்பூராவின் நாதத்தோடு முற்றும் இயையும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து ஏறக்குறைய 386 சென்ட் தொலைவில் நிற்க, பியானோவின் காந்தாரம் 400 சென்டில் நிற்கின்றது. பழகிய செவிக்கு இவ்வேறுபாடு புலப்படும். இத்தகைய காரணங்களாலேயே அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971ஆம் ஆண்டிற்றான் அவ்விலக்குத் தளர்ந்தது. கீபோர்டில் கர்நாடக இசை வாசித்துப் புகழ்பெற்ற கே. சத்தியநாராயணன் போன்றோர், சுருதியை வளைக்கும் சிறு சக்கரத்தை இடக்கையால் இயக்கிக் கமகங்களை வரவழைக்கின்றனர். வீட்டுப் பியானோக்கள் பெரும்பாலானவற்றில் அச்சக்கரம் இராது.

சுரங்களைச் சமபாகமாக வகுத்தல் பற்றிய ஆராய்ச்சி தமிழர்க்குப் புதியதன்று. சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டில் பிறந்து, தஞ்சையில் சித்த மருத்துவத்தால் புகழெய்திய ஆபிரகாம் பண்டிதர், 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலில், இருபத்திரண்டு சுருதிக் கொள்கையை மறுத்து, பழந்தமிழர் ஸ்தாயியைப் பன்னிரண்டாகவும் இருபத்துநான்காகவும் சமபாகமாக வகுத்தனர் என்று நிறுவ முயன்றார். 1916ஆம் ஆண்டில் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் தம் புதல்வியரை வீணை வாசிக்கச் செய்து தம் கொள்கையை மெய்ப்பிக்க முற்பட்டார். அவர் முடிவை ஏற்போரும் உளர்; மறுப்போரும் உளர். ஆயினும் செவியாலும் கையாலும் கணக்காலும் சோதித்தறியாமல் ஒன்றையும் ஏற்பதில்லை என்னும் அவரது உறுதி, இசை பயிலும் ஒவ்வொரு மாணவர்க்கும் வேண்டற்பாலது.

எனவே மூன்றாவது தடைக்கு என் விடை இது: பியானோ நம் இசை முழுவதற்கும் உரிய கருவி அன்று, அதன் எல்லையை அறிந்து பயில்க. நம் ஆலயங்களில் பாமாலைப் பாட்டுக்கள் மேனாட்டு மெட்டில் நான்கு குரல்களாக அமைந்தவை. அவற்றைப் பியானோ செம்மையாய் ஏற்கும். வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் இயற்றிய கீர்த்தனைகளோ இராக தாளங்களில் அமைந்தவை. அவற்றில் சுரத்தின் எலும்பை மட்டும் பியானோ காட்டும். தசையையும் உயிரையும் வாய்ப்பாட்டே தரல் வேண்டும். ஆதலின் எந்தப் பிள்ளையும் முதலில் பாடுக, பாடியபின் வாசிக்க. கட்டை காட்டுவதையே இராகமென மயங்குதல் கூடாது.

இனிக் கருவியை அமைக்கும் முறையைக் கூறுவேன். இதில் யான் செய்த பிழைகளே எனக்கு ஆசான்கள். கடையில் விலை குறைந்தது 61 கட்டைகளையுடைய கீபோர்டு. அதன் கட்டைகள் இறகுபோல் இலேசானவை. அதில் பழகிய விரல் மெய்யான பியானோவின் முன் தளர்ந்துபோம். 88 கட்டைகளும், கடைக்காரர் 'வெயிட்டட் கீ' என்று சொல்லும் சுத்தியல் எடையும் உள்ளதையே வாங்குதல் நலம். அவ்வெடை இடப்புறத்தே மிகுந்தும் வலப்புறத்தே குறைந்தும் இருப்பது உத்தமம். இத்தகைய கருவி ஏறக்குறைய 40,000 ரூபாய்க்குக் கீழே புதிதாய்க் கிடைப்பது அரிது. ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு அது பெருந்தொகை என்பதை யான் மறக்கவில்லை. அதுபற்றி இறுதியிற் கூறுவேன்.

கருவியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தது என் முதற்பிழை. மேசையின் உயரம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். அதன்மேல் கருவியின் உயரமும் சேரவே, கட்டைகள் பிள்ளையின் மார்பளவுக்கு ஏறிவிட்டன. தோளை உயர்த்தி, மணிக்கட்டை மடித்து வாசித்த அச்சிறுமிக்குப் பத்தே நாளில் கைவலி கண்டது. கட்டைகளின் மேற்புறம் தரையிலிருந்து 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்குமாறு அதற்குரிய தாங்கியின்மேல் வைத்தல் வேண்டும். இருக்கையின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும், முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு செய்க. பின்சாய்வுள்ள நாற்காலி ஆகாது. அதில் சாய்ந்தால் கையின் பலம் போய்விடும். முக்காலியின் முன்பாதியில் நிமிர்ந்து அமர்தல் வேண்டும். சிறு பிள்ளையின் கால்கள் தொங்குமாயின் காலடியில் ஒரு மணைப்பலகை இடுக. தாங்கி ஆடுமாயின் விரல் அஞ்சும். ஆதலின் அதன் திருகாணிகளைத் திங்கள்தோறும் முடுக்குக.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். வேறொரு சாதனத்தின் அடாப்டரைச் செருகியதால் எங்கள் கருவி சில நாள் வண்டுபோல் இரைந்துகொண்டிருந்தது. அதனினும் பெருங்கேடு நேராதது எம் நற்பேறு. அக்கருவிக்கென்று தந்த அடாப்டரையே பயன்படுத்துக. இடி மின்னல் வேளையில் செருகியைக் கழற்றிவிடுக. எங்கள் பக்கத்துச் செம்மண்ணும் கரிசலும் கோடைக்காற்றில் நுண்தூளாகி வீட்டினுள் புகும். அத்தூள் கட்டைகளின் இடுக்கில் இறங்கினால் உணர்விகள் பழுதுறும். ஆகவே வாசித்து முடிந்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து மூடிவைக்க. ஈரத்துணி ஆகாது. சாளரத்தின் வெயில் நேரே படும் இடமும் ஆகாது. மூடுதல் காப்பதற்கே, மறப்பதற்கன்று. போர்வை கனமாயிருந்தால் அதனை நீக்கும் மனமும் கனத்துப்போகும் என்பது என் அனுபவம். காதொலிக் கருவியில் ஒலியைப் பாதியளவுக்குமேல் உயர்த்தாதிருப்பது செவிக்கு நலம்.

அமைப்பினும் பெரிது பயிற்சி. மூதாட்டியின் கேள்விக்குப்பின் யான் செய்த முதற்செயல், தானியங்கித் தாளப் பொத்தானின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்ததேயாகும். அப்பொத்தான் என்ன செய்கின்றது? பிள்ளை தாளத்தைத் தன்னுள் எண்ணவேண்டிய இடத்தில், தான் எண்ணிவிடுகின்றது. இடக்கை செய்யவேண்டிய வேலையைத் தான் செய்துவிடுகின்றது. பிழையான விரலையும் பேரொலியால் மூடிவிடுகின்றது. பிள்ளைக்கு எஞ்சுவது கைதட்டல் ஒன்றே. உழைப்பின்றிக் கிடைத்த கைதட்டல் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் விளைக்கும் தீங்கை ஆசிரியர் அறிவர். சில நாளில், தான் வாசிக்கவில்லை என்பதைப் பிள்ளையே உணரும். உணர்ந்ததும் கருவியை வெறுக்கும். அதன்பின் கருவி விரிப்புக்குள் ஒடுங்கும். முதலிற் கூறிய இருவகை வீடுகளும் உண்மையில் ஒரே வீட்டின் இருவேறு காலங்களே.

காலத்தை அளந்து 'டக் டக்' என்று ஒலிக்கும் மெட்ரொனோம் வேறு. அது தாளத்தைப் பிள்ளைக்குப் பதிலாக வாசிப்பதன்று. பிள்ளையின் தாளத்தைச் சோதிப்பது. அதனைக் கொள்க. தான் வாசித்ததைப் பதிவுசெய்து கேட்கும் வசதியும் பல கருவிகளில் உண்டு, அது பொய் சொல்லாத கண்ணாடி, அதனையும் கொள்க. சுருதியை மாற்றித் தரும் பொத்தான் மட்டும் பயிலும் காலத்தில் வேண்டா. ஒரு கட்டையில் கற்ற பாட்டை நாலரைக் கட்டையிலும் வாசிக்க விரலே கற்கட்டும். நாள்தோறும் இருபது நிமிடம் போதும். ஞாயிறன்று மட்டும் மூன்று மணிநேரம் இருத்தல் பயன்தராது. ஒவ்வொரு கையையும் தனித்தனியே பழக்கி, பின்னர் இரண்டையும் சேர்க்க. பிழையின்றி வாசிக்கும் அளவுக்கு மெல்ல வாசிக்க, அதன்பின்னரே விரைவு.

சென்னைச் சிறுவராகிய லிடியன் நாதஸ்வரம் 2019ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில், நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் ஒரு பாட்டைப் பியானோவில் வாசித்து, மீண்டும் அதனையே 325 தட்டு வேகத்தில் வாசித்து உலகை வியக்கச் செய்தார், முதற்பரிசையும் பெற்றார். அதனைக் கண்ட நம் மாணவர் பலர் அவ்வேகத்தையே நாடுகின்றனர். கண்ணுக்குத் தெரிந்தது வேகம். அதன் கீழே இருப்பது பயிற்சி. அடித்தளம் மண்ணுள் மறைந்திருப்பதால் அதனை இல்லையென்று கருதிக் கோபுரம் எழுப்புவார் உண்டோ?

இவ்வுண்மையை எனக்குக் கண்முன் காட்டியவரும் அண்டை வீட்டு அத்தையே. ஒருநாள் அவர் திண்ணையில் அமர்ந்து சரம் பின்னிக்கொண்டே என் தமக்கையின் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தத்தம் வேலையைச் செய்தன. கண் ஒருமுறையேனும் கையை நோக்கவில்லை. "எப்படிப் பாட்டி பாக்காமலே பின்னுறீங்க?" என்று சிறுமி வினவினாள். "மொதல்ல மெதுவாத்தான் பின்னுனேன் தாயி, பெறகு கை பழகிப்போச்சு" என்றார். அன்று முதல் அச்சிறுமி கட்டைகளைப் பாராமல் வாசிக்கப் பழகினாள். பியானோ ஆசிரியர் எவரும் இதனினும் நல்ல பாடம் சொல்லியிரார்.

இறுதியாக, இம்மலரைப் படிப்போர்க்கு மூன்று விண்ணப்பங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் இக்கருவி இருக்குமாயின், இன்றிரவே அதன் விரிப்பை நீக்கி, தானியங்கித் தாளத்தை நிறுத்தி, நீங்கள் அறிந்த எளிய பாட்டொன்றை மெல்லப் பாடிக்கொண்டே வாசியுங்கள். ஆசிரியப் பெருமக்களே, நம் கல்லூரி விழாக்களிலும் போட்டிகளிலும், தானியங்கித் தாளத்தோடு வாசிப்பதற்குப் பரிசளிக்கும் வழக்கத்தை விலக்குங்கள். ஒரு பிள்ளை இரண்டு கையாலும் தடுமாறி வாசித்த ஒரு பாமாலை, பெட்டி வாசித்த ஒரு பெருங்கச்சேரியினும் பரிசுக்கு உரியது.

பழைய மாணவர்களாகிய அன்பர்களே, உங்களுள் பலர் வீடுகளில், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றபின், இக்கருவிகள் வாளா கிடக்கின்றன. அவற்றை நாம் பயின்ற ஊர்ப் பள்ளிகளுக்கும், மாணவர் விடுதிகளுக்கும், ஊர் நூலகங்களுக்கும் அளியுங்கள். ஒரு கருவி, ஒரு காதொலிச் சாதனம், சுவரில் ஒரு நேரப்பட்டியல் ஆகிய இவை போதும். மாலை நான்கு மணிமுதல் ஆறு மணிவரை, ஒருவர்க்கு இருபது நிமிடமாக ஆறு பிள்ளைகள் நாள்தோறும் பயிலலாம். 40,000 ரூபாய் கொடுத்து வாங்க இயலாத ஆறு குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதனால் வழி திறக்கும். வெடிமருந்தைத் தொட்டுப் பிழைக்கும் பெற்றோர்க்குப் பிறந்த பிள்ளையின் விரல்கள், கருமருந்தன்றி வேறொன்றையும் தொட்டறிய உரிமையுடையன அல்லவோ?

எங்கள் வீட்டுக் கருவி இப்பொழுது சுவரோரத்தில் தன் தாங்கியின்மேல் நிற்கின்றது. என் தமக்கையின் மகள் முதன்முறையாக இரண்டு கையாலும் ஒரு பாட்டை முடித்தநாளில், காதொலிச் சாதனத்தைக் கழற்றிவிட்டு, ஒலியைத் தாழ வைத்து, அண்டை வீட்டு அத்தையை அழைத்து வாசித்துக் காட்டினாள். முரசும் இல்லை, மத்தளமும் இல்லை, இடையே இரண்டிடத்தில் விரல் பிழைத்தது. அத்தை கடைசிவரை கேட்டிருந்து, "இப்பம் புள்ள வாசிக்குது" என்றார்.